இடித்த கல்லை ஏற்ற யார் பணம் கொடுப்பது?

வாசகர் கேள்வி:

வெள்ளவத்தையில், லிப்ட் இல்லாத பழைய தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் அம்மாவுடன் வசிக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்பதால், அடுத்தடுத்து இருந்த குளியலறையையும் மலசலகூடத்தையும் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிப் புதிதாக டைல்ஸ் பதித்தோம். மேசன் பாஸ் 480,000 ரூபாவுக்கு எஸ்டிமேட் எழுதித் தந்தார். டைல்ஸும் கொமட், பைப் முதலிய சாமான்களும் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். சீமெந்து, மணல், கூலி எல்லாம் அவருடைய பொறுப்பு. வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கடைசிப் பணம் கொடுக்கப் போனபோது, இடித்த கல்லை ஏற்றிய சிறிய லொறிக்கு ஒரு தடவைக்கு 9,000 வீதம் ஐந்து தடவைக்கு 45,000 ரூபா தனியாகத் தர வேண்டும் என்கிறார். வேலை தொடங்கிய அன்று ‘ஒக்கோம அயின் கரலா தென்னம்’ (எல்லாவற்றையும் அகற்றித் தருகிறேன்) என்று சிங்களத்தில் சொன்னவர் இவர்தான். இது போதாதென்று பத்துப் பன்னிரண்டு மூட்டைகள் இன்னும் ஒழுங்கை முனையில் மின்கம்பத்தடியில் கிடக்கின்றன. அயலவர்கள் எங்களைத்தான் கேட்கிறார்கள். நான் இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டுமா? ஆவணி மாதத்தில் சமையலறை வேலையும், பின்பக்க பல்கனியின் அஸ்பெஸ்டஸ் கூரையை மாற்றும் வேலையும் இருக்கின்றன. அப்போது இந்தப் பிரச்சினை வராமல் என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கட்டிட வேலைகளின் அளவையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையியலாளராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழும்பில் வேலை செய்கிறேன். வீட்டுத் திருத்த வேலைகளில் என்னிடம் வரும் மனத்தாங்கல்களில் சரிபாதி, கட்டியதைப் பற்றியவையாக இருப்பதில்லை. இடித்ததைப் பற்றியவையாகவே இருக்கின்றன. புதிய டைல்ஸின் நிறத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கும் நாம், பழைய டைல்ஸ் எந்த வழியாக, யார் தோளில், எங்கே போகும் என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, வேலையில் குறை இல்லை என்பதை நீங்கள் மறைக்காமல் எழுதியிருப்பது. அதனால் உங்கள் பாஸுக்கும் நியாயமாக இருக்கக்கூடிய ஒரு பதிலைச் சொல்ல முயல்கிறேன்.

முதலில், அவர் கேட்கும் ஐந்து தடவை உண்மையாக இருக்க முடியுமா என்று பார்த்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய அளவுகளின்படி, இரண்டு அறைகளும் சேர்ந்து 6 அடிக்கு 10 அடி. தரையில் பழைய டைல்ஸையும் அதன் கீழிருந்த சாந்துப் படுகையையும் சேர்த்து 3 அங்குலம் என்று கொண்டால் 15 கன அடி வரும். சுற்றுச் சுவர்களில் 7 அடி உயரம் வரை டைல்ஸும் பூச்சும் உரிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு கதவுகளைக் கழித்து, ஒன்றேகால் அங்குலத் தடிப்பில் கணக்கிட்டால் ஏறக்குறைய 20 கன அடி. இருபுறமும் டைல்ஸ் ஒட்டியிருந்த 6 அடி நீள, 9 அடி உயர நடுச்சுவர் மட்டும் 31 கன அடிக்குக் குறையாது. எல்லாம் சேர்ந்து 66 கன அடி. ஆனால் சுவராக நின்றபோது இருந்த கனவளவு, அது உடைந்து குவியலானதும் அப்படியே இருக்காது. துண்டுகளுக்கு இடையில் காற்று புகுந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகும். அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட 100 கன அடி, அதாவது நாம் மணலுக்கும் கருங்கல்லுக்கும் சொல்லும் கணக்கில் ஒரு கியூப்.

அதன் நிறை மூன்றரைத் தொன்னை எட்டும். ஒரு சீமெந்துப் பையில், ஒரு மனிதர் தோளில் வைத்துப் படி இறங்கக்கூடிய அளவுக்கு, 35 கிலோ அளவில் நிரப்பினால் நூறு மூட்டைகள். நூறு மூட்டைகள் மூன்று மாடி இறங்கியிருக்கின்றன. நமது ஒழுங்கைகளில் ஓடும் சிறிய பட்டா லொறி நியாயமாக ஏற்றக்கூடியது ஒரு தொன்னுக்கும் குறைவுதான் என்பதால், நான்கு அல்லது ஐந்து தடவை என்பது பொய்க் கணக்கு இல்லை. தொகையில் நான் அநியாயம் காணவில்லை. அதை வேலை முடிந்த பிறகு உங்கள் முன் வைத்ததில்தான் அநியாயம் இருக்கிறது. தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் நீங்கள் இன்னொரு விலை கேட்டிருப்பீர்கள், அல்லது வேறு வழி பார்த்திருப்பீர்கள், அந்த வாய்ப்பை அவர் உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்.

அடுத்து, அவர் சொன்ன வாக்கியம். ‘ஒக்கோம அயின் கரலா தென்னம்’ என்றால் எல்லாவற்றையும் அகற்றித் தருகிறேன் என்பதுதான் பொருள். ஆனால் எங்கிருந்து அகற்றுவது? சுவரிலிருந்து பழைய டைல்ஸை அகற்றுவதா, வீட்டிலிருந்து இடிபாட்டை அகற்றுவதா, வளவிலிருந்தே கொண்டுபோவதா? நீங்கள் மூன்றாவதை விளங்கிக்கொண்டீர்கள். அவர் முதலாவதை அல்லது இரண்டாவதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். தமிழில் ‘துப்புரவாக்கித் தருவேன்’ என்று சொல்பவர்களிடமும் இதே சிக்கல் உண்டு. எஸ்டிமேட்டில் கழிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத நிலையில், இந்த இருபொருள் வாக்கியம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் முழுவதையும் மற்றவர் தலையில் கட்டுவது சரியில்லை.

வழக்கம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கூலி மட்டும் பேசி, சாமான் முழுவதையும் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுக்கும் வேலைகளில், இடிபாட்டை ஏற்றும் செலவு வீட்டுக்காரருடையது என்றே பெரும்பாலான பாஸ்மார் எடுத்துக்கொள்கிறார்கள். சாமானும் கூலியும் சேர்த்து முழுக் கொந்தராத்தாகக் கொடுத்தால், வேலை முடிந்து இடத்தை வெறுமையாக்கிக் கையளிப்பது கொந்தராத்துக்காரரின் பொறுப்பு என்று எதிர்பார்ப்பது நியாயம். முறையாகத் தயாரிக்கும் அளவுப் பட்டியல்களில் நாங்கள் இடிக்கும் வேலையை எழுதும்போதே, இடிபாட்டை வளவுக்கு வெளியே கொண்டு செல்வதும் அந்த விலைக்குள் அடங்குமா என்பதைச் சேர்த்து எழுதிவிடுவோம். உங்கள் வேலையோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பாதிச் சாமான் உங்களுடையது, பாதி அவருடையது. இப்படிக் கலந்து பேசிய வேலைகளில்தான் தகராறு அதிகம்.

ஆகவே என் கருத்து இது. லொறிக்காரருக்கு உண்மையில் கொடுத்த வாடகையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மூட்டை கட்டியதும், படி இறக்கியதும், ஏற்றியதும் அவருடைய 480,000 ரூபாவுக்குள் அடங்கட்டும். லொறிக்காரரின் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு, ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை தடவை என்று நீங்களே மரியாதையாக விசாரிக்கலாம்; உண்மை சொல்லும் பாஸ் அதற்குக் கோபிக்க மாட்டார். மின்கம்பத்தடியில் இன்னும் மூட்டைகள் கிடக்கின்றன என்றால், கடைசித் தடவை முழுமையாகப் போகவில்லை என்பது வெளிப்படை. நான்கு தடவைக்குரிய பணத்தை இப்போதே கொடுத்து, அந்த மூட்டைகள் ஏற்றப்பட்ட அன்று ஐந்தாவதைக் கொடுங்கள். நல்ல வேலைக்காரரை 9,000 ரூபாவுக்காக இழக்க வேண்டாம். அதேபோல், தெருவில் கிடக்கும் மூட்டைக்கு முன்கூட்டியே பணம் கொடுக்கவும் வேண்டாம். பேச்சு எவ்வகையிலும் சரிவராவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இப்படிப்பட்ட சிறு தொகைப் பிணக்குகளுக்கென்றே இருக்கிறது. அது தேவைப்படாது என்று நம்புகிறேன்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு மூட்டைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவை யாருடைய கைதவறுதலாக இருந்தாலும், அயலவர் பார்வையில் அவை உங்கள் வீட்டுக் கல். பொதுத் தெருவில் கழிவு போடுவது மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். வீட்டுக் குப்பை எடுக்க வரும் வண்டி கல்லையும் சாந்தையும் எடுக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. அந்த வண்டி சமையல் கழிவுக்கும், தரம் பிரித்த கடதாசி, பிளாஸ்டிக்குக்கும் உரியது. கட்டிடக் கழிவை எடுப்பதற்கு என்ன ஏற்பாடு, என்ன கட்டணம் என்பதை உங்கள் பகுதிக்குரிய மாநகர சபை அலுவலகத்தில் வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தெஹிவளைப் பாலம் தாண்டினால் சபையே வேறு. அங்குள்ள உறவினர் சொன்ன நடைமுறையை வெள்ளவத்தையில் நம்பிவிடாதீர்கள்.

கல்லைவிட அவசரமானது வேறொன்று உண்டு. கழற்றிய பழைய கொமட், தண்ணீர்த் தாங்கி, கைகழுவும் பேசின் ஆகியவை எங்கே இருக்கின்றன? படிக்கட்டின் கீழோ, கட்டிடத்தின் பின்புறமோ அவை நிமிர்ந்து கிடந்தால், ஒரு மழை போதும். கொமட்டின் வளைவுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். கவிழ்த்து வைத்தாலும் முழுவதாக வடியாது. நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது பாஸ் அங்கே இருக்க மாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள். வெள்ளவத்தையில் டெங்கு என்பது பத்திரிகைச் செய்தி மட்டும் அல்ல. வயதான அம்மா இருக்கும் வீட்டில் இதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, ‘எங்கே போகிறது’ என்ற கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் தெஹிவளையில் எங்கள் பெற்றோரின் வீட்டுச் சமையலறையைத் திருத்தினோம். நானே அளவெடுத்து, நானே விலை பேசி, கழிவு ஏற்றுவதையும் விலைக்குள் சேர்த்து எழுதினேன். தொழில் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில், கொண்டுபோய் எங்கே போடுவார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. வேலை முடிந்து ஒரு மாதமிருக்கும். கால்வாய்க் கரையோரமாக நடந்துகொண்டிருந்தபோது, நீர்க்கரையில் சரிந்து கிடந்த கற்குவியலில் நீலப்பூப் போட்ட டைல்ஸ் துண்டொன்றைக் கண்டேன். அம்மாவின் அடுப்புக்குப் பின்னால் முப்பது வருடம் இருந்த டைல்ஸ் அது. மஞ்சள் கறை ஏறிய ஓரத்தைக்கூட என்னால் அடையாளம் காண முடிந்தது. நான் பணம் கொடுத்து, ரசீது வாங்கி, என் வீட்டுச் சுவரைக் கால்வாய்க்குள் கொட்டியிருக்கிறேன். அந்தக் கொந்தராத்துக்காரரை அழைத்து அதை எடுக்க வைத்தேன் என்றாலும், அன்றைய வெட்கம் இன்றும் போகவில்லை. அதன் பிறகு நான் எழுதும் எந்தப் பட்டியலிலும் சேருமிடம் இல்லாமல் கழிவு ஏற்றும் வரி ஒன்றும் இருந்ததில்லை.

கொழும்புக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2010 நவம்பரில் ஓரிரவு பெய்த மழைக்கே பாராளுமன்ற வளவுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் பார்த்தோம். இந்த நகரத்தின் மழைநீர் போவது கால்வாய்களாலும் சதுப்பு நிலங்களாலும்தான். அந்தச் சதுப்பு நிலங்களுக்காகவே 2018 இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. மலிவான லொறிக்காரர் முதலில் தேடும் இடமும் அந்தத் தாழ்நிலம்தான். ‘பள்ளக் காணி நிரப்பக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்’ என்று அவர் சொல்வார். வீடு கட்டும் ஒருவர் தன் அத்திவாரத்துக்குள் நிரப்பக் கல் கேட்டால் அது நல்ல பயன். உடைந்த செங்கல்லும் கொங்கிறீற்றும் தரைக்குக் கீழே நிரப்புவதற்கு ஏற்றவை. ஆனால் தாழ்நிலத்தை அனுமதி இல்லாமல் நிரப்புவது சட்டவிரோதம். அதற்குரிய அனுமதி காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம் பெற வேண்டியது. இரண்டையும் வேறுபடுத்த, ‘எந்த முகவரி?’ என்று கேட்டால் போதும். முகவரி சொல்லத் தயங்குபவரின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

குப்பை போய்ச் சேரும் இடத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லை நமக்குக் காட்டியது. அங்கிருந்த குப்பை மேடு சரிந்து 30 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அங்கே கொட்டுவது நிறுத்தப்பட்டது. இந்த நகரத்தில் கழிவுக்கு இடம் இல்லை என்பதும், இடம் இல்லாததால் அதற்கு விலை உண்டு என்பதும் உண்மை. அந்த விலையை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளத்தான் உங்களுக்குச் சொல்கிறேன், தவிர்ப்பதற்கு அல்ல.

ஆவணி மாத வேலைக்கு வருவோம். பாஸ் விலை சொல்வதற்கு முன்பே, அவரைச் சமையலறையில் நிற்க வைத்து, இடிபடப் போவது எவை என்று ஒவ்வொன்றாகக் கை காட்டுங்கள். நீங்கள் தந்த அளவுகளின்படி, 8 அடிக்கு 10 அடித் தரை, அடுப்பு மேடையின் 10 அடிக் கொங்கிறீற்றுத் தட்டு, அதைத் தாங்கும் மூன்று சிறு சுவர்கள், மேடைக்கு மேலே இரண்டடி உயர டைல்ஸ் எல்லாம் சேர்ந்து 36 கன அடி அளவில் வரும். உடைந்த பின் 55 கன அடி, அதாவது அரைக் கியூபுக்குச் சற்று மேல். நிறை இரண்டு தொன். அறுபது மூட்டைகள். இந்த இலக்கத்தை நீங்கள் சொல்லும்போதே பேச்சின் போக்கு மாறிவிடும். ‘கல் அகற்ற எவ்வளவு?’ என்று கேட்டால் அவர் மனதில் பயத்துக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்வார், அல்லது ‘பிறகு பார்ப்போம்’ என்பார். ‘அறுபது மூட்டை, மூன்று மாடி, அரைக் கியூபுக்குக் கொஞ்சம் மேல், எவ்வளவு?’ என்று கேட்டால், கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரே தொகையாகப் பேசுவதா, ஒரு தடவைக்கு இவ்வளவு என்று பேசுவதா என்பதில் எனக்குத் தெளிவான விருப்பம் உண்டு. ஒரே தொகை நல்லது, ஆனால் அளவை எழுதிய ஒரே தொகை. தடவைக் கணக்கில் பேசினால், லொறி எவ்வளவு நிரம்பிப் போகிறது என்பதை யார் பார்ப்பது? அரை லொறியும் ஒரு தடவைதான். அதே நேரம், தரையைக் கிளறும்போது யாரும் எதிர்பாராத இரண்டாவது டைல்ஸ் அடுக்கு ஒன்று கீழே இருந்தால், அதையும் அதே தொகைக்குள் ஏற்று என்பது பாஸுக்கு நட்டம். பழைய வெள்ளவத்தை வீடுகளில் டைல்ஸுக்கு மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பது சாதாரணம். ஆகவே, எழுதிய அளவுக்கு மேற்படும் ஒவ்வொரு பத்து மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு மேலதிக விலையையும் அப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். மூட்டை எண்ணுவது உங்கள் அம்மாவாலும் முடியும்.

இன்னொன்று: இடிக்கும் வேலையை இரண்டு நாளில் முடித்து, மூன்றாம் நாள் காலையில் ஒரே ஏற்றமாக அனுப்பும்படி திட்டமிடுங்கள். குளியலறை வேலையில் ஐந்து தடவை லொறி வந்ததன் காரணம் கல்லின் அளவு மட்டும் அல்ல. அன்றன்று சேர்ந்ததை அன்றன்று அனுப்பியதும்தான். ஒரு கியூப் கல்லை ஒரு சிறிய ரிப்பர் ஒரே ஓட்டத்தில் கொண்டுபோயிருக்கும். ஒழுங்கைக்குள் அது திரும்ப முடியாவிட்டால், கடற்கரை வீதிப் பக்கமிருந்து வரலாமா என்று பாருங்கள். அதுவரை மூட்டைகளை எங்கே வைப்பது என்பதைக் கட்டிடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். படிக்கட்டும் கீழ் நடையும் எல்லா வீட்டாருக்கும் பொதுவானவை. மூட்டையை இழுத்து இறக்கிப் படி விளிம்பு உடைந்தால் அந்தச் செலவும் உங்களிடம்தான் வரும். தூக்கி இறக்க வேண்டும், இழுக்கக் கூடாது என்பதையும் பாஸிடம் சொல்லிவையுங்கள். அடைப்புச் சாந்தையும் சீமெந்துக் கரைசலையும் கழிவுநீர்க் குழாயில் ஊற்றிக் கழுவக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துக் கீழ்வீட்டாரின் குழாய் அடைத்தால், காரணத்தைத் தேடி உடைக்க வேண்டிவரும்.

விலை உள்ள கழிவும் உண்டு. பித்தளைக் குழாய்த் தலைகள், செம்புக் கம்பி, அலுமினியச் சட்டம், பலா மர நிலை போன்றவற்றைப் பழைய இரும்பு வாங்குபவர் காசு கொடுத்தே எடுப்பார். அவை யாருக்கு என்பதை முன்பே பேசுங்கள். பாஸுக்கு விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக ஏற்றும் கூலியில் குறைக்கச் சொல்வது இருவருக்கும் மனநிறைவு தரும் வழி என்பது என் அனுபவம். புதிய சாமான் வந்த அட்டைப் பெட்டி, ரெஜிபோம், வெறும் சீமெந்துப் பை, பெயின்ட் வாளி ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். அட்டையை நனையாமல் தனியாகக் கட்டி வைத்தால் மறுசுழற்சிக்குப் போகும்.

அஸ்பெஸ்டஸ் கூரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தயவுசெய்து. இது நான் அழுத்திச் சொல்லும் விஷயம். நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1997 இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் கலந்த தகடுகள் அதன் பிறகும் நம் கூரைகளில் இருந்தன, இருக்கின்றன. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தகடு முழுதாகக் கூரையில் இருக்கும்போது ஆபத்து குறைவு. சுத்தியலால் அடித்து, மூன்றாம் மாடியிலிருந்து கீழே போட்டு உடைக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. அதைச் சுவாசிப்பவர் முதலில் அந்த வேலையாள், அடுத்தது உங்கள் அம்மா. தகட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைத் திருகிக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்ற வேண்டும். துணி முகக்கவசம் போதாது. கல்லோடு கலக்கக் கூடாது, நிலம் நிரப்பக் கேட்பவருக்குக் கொடுக்கக் கூடாது. எங்கே ஒப்படைப்பது என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்டு, அதற்கான செலவைத் தனி வரியாக எழுதுங்கள். மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை என்பதால் ஒரு நாள் கூலி கூடும். அந்தப் பணத்தில் பேரம் பேச வேண்டாம்.

கடைசியாக, எழுத்து. நீண்ட ஒப்பந்தம் தேவையில்லை. அவர் சிங்களத்தில் வாசிப்பவர் என்றால் சிங்களத்திலும், உங்களுக்காகத் தமிழிலும் ஐந்தாறு வரி எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, இருவர் தொலைபேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து வாசிக்கத் தயங்கும் வேலையாள் என்றால், அதையே வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை அவர் குரலிலேயே வாங்குங்கள். உங்கள் சமையலறைக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

‘சமையலறைத் தரை, அடுப்பு மேடை, சுவர் டைல்ஸ் ஆகியவற்றை உடைப்பதும், வரும் கல், சாந்து, டைல்ஸ் அனைத்தையும் மூட்டை கட்டிப் படிவழியே தூக்கி இறக்கி, வளவிலிருந்து ஏற்றி, கீழே குறிப்பிட்ட முகவரியில் இறக்குவதும் இந்த விலைக்குள் அடங்கும். அளவு அறுபது மூட்டை. மேற்படும் ஒவ்வொரு பத்து மூட்டைக்கும் குறிப்பிட்ட மேலதிக விலை கொடுக்கப்படும். அது எண்ணிக் காட்டிய பிறகே சேரும். தெருவிலோ, கட்டிடத்தின் பொது இடத்திலோ ஒரு மூட்டையும் இரவு தங்கக் கூடாது. அஸ்பெஸ்டஸ் தகடு இதில் சேராது. மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு, கடைசி மூட்டை ஏறிய பிறகு கொடுக்கப்படும்.’

இந்த வரிகளை முற்பணம் கொடுக்கும் நாளிலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன், இந்த வாரத்துக்குள், மின்கம்பத்தடி மூட்டைகளை எண்ணிப் படம் எடுத்து, ‘இவை ஏறியதும் ஐந்தாவது தடவைக்குரிய பணம் தயாராக இருக்கிறது’ என்று உங்கள் பாஸுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் லொறியோடு வரும்போது, பழைய கொமட்டையும் அதிலேயே ஏற்றி அனுப்பிவிடுங்கள்.